என்னிடம் சட்டம் கேட்க வந்தவள்

எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலர் தங்களுக்குச் சளி பிடிக்கிற உடம்பு என்று சொல்வதைப்போல, இது என் உடம்போடு வந்தது. கட்டாயத் தூக்குத் தண்டனை போய் நீதிபதியே முடிவு செய்யலாம் என்று ஆனபோது எனக்கு ஒரு கருத்து இருந்தது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்குக் குடியுரிமைச் சட்டம் செய்யும் ஓரவஞ்சனை பற்றி அதைவிடப் பெரிய கருத்து இருந்தது. யாரும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

இங்கே மலேசியாவில், ஜார்ஜ் டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கிராணி வேலை, குமாஸ்தா வேலை, பார்க்கிறேன். பழைய கடைவீட்டின் மாடியில் அலுவலகம். என் வேலை முழுக்க வீடு வாங்குவதும் விற்பதும். யார் விற்கிறார், யார் வாங்குகிறார், எத்தனை சதுர அடி, சாவி என்றைக்குக் கைமாற வேண்டும் என்று தட்டச்சு செய்து செய்து விரல் தேய்ந்தவள் நான். குற்றவியல் நீதிமன்றத்துக்குள் ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அதுவும் மாடியைத் தவறாக ஏறி. ஆனால் செபராங் ஜெயாவில், நான் குடியிருக்கும் வரிசையில், எனக்குப் பெயர் ‘லாயர் அக்கா’.

ஞாயிற்றுக்கிழமை காலை பசார் போய்விட்டு வந்து மீனைக் கழுவி வைப்பதற்குள் யாராவது வாசலில் நிற்பார்கள். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு கடிதம்.

“அக்கா, சூராட் வந்திருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போடுவேன். மலாய்க் கடிதத்தைத் தமிழில் சொல்வேன். இதற்குப் பதில் எழுது, இதைத் தூக்கிப் போடு, இதற்கு நேரில் போய் நில்லு என்பேன். பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட “எனக்குத் தெரியாது” என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் என் கோளாறு.

என் தம்பி வீட்டில் இது இன்னும் அதிகம். அவன் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி. அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவன் பள்ளிக்கூடப் படிவங்களில் கையெழுத்துப் போட்டவள் நான். இன்று பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறான், தலை நரைத்துவிட்டது, ஆனாலும் எந்தத் தாள் வந்தாலும் “அக்கா பாக்கட்டும்” என்பான். கார்க் கடன் போட்டுக் காடி வாங்கியபோதும் அப்படித்தான், பெரியவளைப் பள்ளியில் சேர்த்தபோதும் அப்படித்தான். அவன் மனைவி கூலிமிலிருந்து வந்தவள். அவளும் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள். நான் பேசுகிற வீட்டில் இன்னொருத்திக்குப் பேச இடம் ஏது என்று தம்பி கிண்டல் செய்வான். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வேன். அவர்களுக்கு அப்போது இரண்டு பெண் பிள்ளைகள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மதியம் அவள் தனியாக வந்தாள். கையில் பை இல்லை, கடிதமும் இல்லை. நான் சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு கைப்பிடி எடுத்துத் தலை கிள்ள ஆரம்பித்தாள்.

“அக்கா, நான் முழுகாம இருக்கேன்.”

எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. ஒன்பது வாரம் என்றாள். இரண்டாவது பிள்ளையின்போது அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, சிறுநீரகம் கெட்டுப் போயிருந்தது எனக்குத் தெரியும். அதிலிருந்து மாத்திரை, மாதா மாதம் மருத்துவமனை. இன்னொன்று வேண்டாம் என்று எச்சரித்துத்தான் வைத்திருந்தார்கள். இது எப்படியோ வந்துவிட்டது.

“டாக்டரம்மா ரொம்ப பயப்படுறாங்கக்கா. கிட்னி மொத்தமா போயிரும்கிறாங்க. வேணாம்னா இப்பவே முடிவு பண்ணணுமாம்.” நெத்திலியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “நம்ம நாட்டுல அதெல்லாம் சட்டப்படி செய்யலாமாக்கா?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“செய்யக் கூடாதுமா. கிரிமினல் கேஸ் ஆயிரும். செஞ்ச டாக்டருக்கும் ஜெயிலு, செஞ்சுக்கிட்ட பொம்பளைக்கும் ஜெயிலு.”

இதை நான் எங்கே படித்தேன்? எங்கேயும் படிக்கவில்லை. ஏதோ ஒரு கிளினிக்கில் போலீஸ் புகுந்தது என்ற செய்தி, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டெடுத்த சிசு என்ற செய்தி, வெளிநாட்டு நீதிமன்ற வாசலில் பதாகை பிடித்துக் கத்துகிறவர்களின் படம். இப்படிக் காற்றில் வந்ததெல்லாம் மண்டைக்குள் சேர்ந்து சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதோடு நிறுத்தினேனா? டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், இந்தக் காலத்தில் மருந்துக்கு என்ன குறைச்சல், நல்லதே நடக்கும் என்று ஒரு பிரசங்கமும் செய்தேன். தேத்தண்ணி போட்டுச் சீனியைத் தாராளமாக அள்ளிப் போட்டேன்.

“சரிக்கா,” என்றாள். மீதி நெத்திலியையும் ஆய்ந்து கொடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனாள்.

தெளிவாக ஒரு பதில் சொல்லிவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அன்றைக்கு நெத்திலி சம்பல் நன்றாக வந்தது என்பதுகூட நினைவில் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போய்த் தம்பியிடம், அக்கா இப்படிச் சொன்னார் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழவேயில்லை.

ஏழாம் மாதம் அவளுக்கு அழுத்தம் கட்டுக்கடங்காமல் போனது. அறுத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வாரக்கணக்கில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. நானும் தம்பியும் மாறி மாறிப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். தாயின் சிறுநீரகம் பிழைக்கவில்லை. ரத்தம் சுத்திகரிக்க வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இடது முன்கையில் நரம்பை இணைத்துச் செய்த மேடு, விரல் வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ஓடும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டாள். தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிறாள். இந்த ஊர் வெயிலில் தாகத்தை அடக்கிக்கொண்டு ஒருத்தி நடமாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்குப் பெரிய வேதனை. சனிக்கிழமைகளில் அவளை நான்தான் காடியில் அழைத்துப் போகிறேன். மற்ற இரண்டு நாளும் வேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இரண்டரை வயது. என் கண்ணாடியை எடுத்துச் சோபாவுக்கு அடியில் ஒளித்துவிட்டு, “அத்த, கண்ணாடி காணோம் லா!” என்று கையை விரிப்பாள். எனக்குக் கல்யாணமாகவில்லை, பிள்ளையும் இல்லை. இவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும். இவள் இல்லாத ஒரு வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கருக்கலைப்பு பற்றி இரண்டு பக்கமும் தொண்டை கிழியப் பேசுகிறவர்களில் யாரும் இப்படி ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, பக்கத்து நாற்காலியில் அவள் தாய் கால் வீங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இனி, சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். என் கருத்துகள் பெரும்பாலும் அரங்கேறும் இடம் அதுதான்.

மதியம் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் சூலியா தெருவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடைக்குப் போவோம். நான், பாய், ஒரு இளம் வழக்கறிஞர். பாய் எங்கள் அலுவலகத்தில் கோப்புகளை நீதிமன்றத்துக்கும் நில அலுவலகத்துக்கும் கொண்டு சேர்ப்பவர், என் வயதுதான். இளம் வழக்கறிஞர் எங்கள் தமிழ்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். படித்த பெண், ஆனால் மண்டைக்கனம் கிடையாது. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

காஸாவில் போர் தொடங்கியதிலிருந்து எங்கள் மேசையில் அதுதான் பேச்சு. குண்டு கொடுக்கிற அமெரிக்காவின் கம்பெனி என்று, பாய் அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு டின் சோடாவைத் தொடுவதில்லை. அதற்கு முன்னால் தினம் ஒன்று குடிப்பார், இல்லாவிட்டால் சோறு இறங்காது என்பார். இப்போது எலுமிச்சை ஐஸ் தண்ணீர். நான் ஒரு நாள் சும்மா இராமல் சீண்டினேன்.

“ஏன் பாய், நீங்க சோடா குடிக்காததால அங்க குண்டு விழறது நின்னுருமா?”

அவர் கோபப்படவில்லை. “நிக்காதுக்கா. எனக்கும் தெரியும். தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது, அவ்வளவுதான்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. போர் பற்றி நானும்தான் தினமும் பேசுகிறேன். எந்தப் பக்கத்துப் பிள்ளை செத்தாலும் பிள்ளைதான் என்பேன். அதே வாயால், ஒரு பக்கம் அத்தனை பிள்ளைகள் இடிபாடுகளுக்குள் போன பிறகும் தராசைச் சமமாகப் பிடிக்கப் பார்க்கிறவர்களைத் திட்டவும் செய்வேன். இன்றும் அதே கருத்துதான், மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கருத்துக்காக ஒரு டம்ளர் சோடாவைக்கூட நான் விட்டதில்லை. பாய் விட்டிருந்தார்.

மருத்துவமனைமேல் குண்டு போடக் கூடாது என்று உலக நாடுகள் எழுதி வைத்திருக்கிற சட்டங்களை இளம் வழக்கறிஞர் ஒரு நாள் விளக்கினாள். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “எழுதி வச்சிருக்காங்க, சரி. அந்தச் சட்டத்துக்குப் பக்கத்துல நிக்கறதுக்கு ஆளு யாரு இருக்கா?” என்றார். அவள் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாது, ஆனாலும் ஏதோ சொன்னேன்.

போன வருடம் ஒரு மதியம். கடையில் தொலைக்காட்சியில் அமெரிக்கச் செய்தி ஓடியது. அங்கே கருக்கலைப்புக்குச் சில மாநிலங்களில் வைத்திருக்கும் தடையைப் பற்றி. தாய்க்கு ஆபத்து என்று தெரிந்தும் சட்டத்துக்குப் பயந்து டாக்டர்கள் தயங்கி நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! கரண்டியை வைத்துவிட்டுப் பேசினேன். பெரிய நாடாம், சுதந்திரமாம், ஒரு பொம்பளை உயிர் போகும்போது சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பதா என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பேசினேன். ஆமாம், அந்தப் பெண்களுக்காக நான்தான் பேசினேன். அவர்கள் இருந்தது ரொம்பத் தூரத்தில். அவர்கள் பக்கம் நிற்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

முடிக்கும்போது சொன்னேன்: “நம்ம நாட்டுல மொத்தமா கூடாதுன்னு வச்சிருக்கான். அதுவாவது நேர்மை, வேஷம் இல்ல.”

இளம் வழக்கறிஞர் நிமிர்ந்தாள். “இல்லையேக்கா. இங்க மொத்தமா தடை இல்ல.”

“என்னமா இல்ல?”

“தாயோட உயிருக்கோ, உடம்புக்கோ மனசுக்கோ கலைக்கறதைவிட வச்சுக்கிறதுதான் கூடுதல் ஆபத்துன்னு ஒரு பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோட முடிவு பண்ணினா, செய்யலாம். குற்றமே இல்ல. சட்டத்துலயே இருக்கு.”

“எப்ப கொண்டு வந்தாங்க?” என்றேன்.

“ரொம்ப காலமா இருக்குக்கா. நான் பிறக்கறதுக்கு முன்னாலயே.”

நான் விடவில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நான் இந்த அலுவலகத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா என்றேன். அவள் தன் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாய்தான் மெதுவாகச் சொன்னார்: “எங்க மார்க்கத்துலயும் தாய்க்கு ஆபத்துன்னா, ஒரு கால அளவுக்குள்ள வழி இருக்குக்கா. எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கே தெரியும்.”

அலுவலகம் திரும்பியதும் அவள் ஒரு தடித்த புத்தகத்தை என் மேசைமேல் விரித்து வைத்துவிட்டுப் போனாள். தண்டனைச் சட்டம். என் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அலமாரியிலிருந்து எடுத்தது. எங்கள் முதலாளி ஆயுத பூஜையை விட மாட்டார். வருடா வருடம் அந்த அலமாரிப் புத்தகங்களைத் துடைத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பவள் நான்தான். இந்தப் புத்தகத்தின் முதுகிலும் என் விரல் வைத்த பொட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்திருந்தன. அத்தனை வருடமும் அதைத் திறந்ததில்லை.

மூன்று முறை படித்தேன். அவள் சொன்னது சரிதான். சிக்கலான வாக்கியம்கூட இல்லை. அன்று நான் தட்டச்சு செய்த ஒரு விற்பனைப் பத்திரத்தில் வாங்குபவர் பெயரையும் விற்பவர் பெயரையும் மாற்றிப் போட்டேன். அப்படி நான் செய்ததே கிடையாது.

பிறகு பல மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே சமாதானங்கள் சொல்லிக்கொண்டேன். சட்டம் இருந்தாலும் டாக்டர் செய்திருப்பாரா? செய்திருந்தாலும் அந்தச் சிறுநீரகம் தானாகவே ஒரு நாள் போயிருக்காதா? பிள்ளையைப் பார், எப்படி இருக்கிறாள்! எந்தச் சமாதானமும் அரை நாளுக்கு மேல் தாங்கவில்லை. ஏனென்றால் உண்மை எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அவளிடம் சொன்னது சட்டமே இல்லை, என் ஆசை. எனக்கு அந்த வீட்டில் இன்னொரு குழந்தை வேண்டியிருந்தது. “பெத்துக்கோ, எனக்கு ஆசையா இருக்கு” என்று சொல்லியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருக்கலாம், அழுதிருக்கலாம், என்னைத் திட்டியிருக்கலாம். ஜெயில் என்று சொன்ன பிறகு என்ன பேசுவாள்? என் ஆசைக்குப் போலீஸ் சட்டையை மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான் கொஞ்சம் மாறியிருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி இப்படியொரு கேள்வியோடு வந்தபோது, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லி, டாக்டரிடம் அவளோடு போய் நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன முடிவு செய்தாள் என்று கேட்கவில்லை. கருக்கலைப்பு பற்றி என் கருத்து என்ன என்று இன்று கேட்டால், ஆபத்து யாருடைய உடம்புக்கோ அவள்தான் முதலில் பேச வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு காதைத் திறக்க வேண்டும் என்பேன். தாமதமாக வந்த கருத்து. இதற்கான விலையை நான் கொடுக்கவில்லை.

கடைசியில், இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டேன். சிகிச்சை நாற்காலியில் ஊசி குத்தி எழுந்து போக முடியாமல் இருக்கும்போது சொல்வது நியாயமாகப் படவில்லை. அன்று சீக்கிரமே போய்விட்டோம். ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கு வெளியே, காடியை நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சட்டம் இருந்தது. உனக்கு வழி இருந்தது. நான் தெரியாமல் கூடாது என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நான் சுலபத்தில் அழுகிறவள் இல்லை.

அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிறகு, “தெரியும்க்கா,” என்றாள்.

“எப்போ தெரியும்?”

“அப்பவே. டாக்டரம்மா எல்லாம் வெளக்கிச் சொன்னாங்க. சட்டப்படி செய்யலாம், நான் எழுதித் தர்றேன், வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வாங்க, சேந்து பேசிக்கலாம்னாங்க. உங்க வீட்டுக்கு வந்தது அதுக்கு அடுத்த நாளு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்புறம் ஏன்மா என்கிட்ட வந்து கேட்ட?”

“அவரு ஒத்துக்க மாட்டாருன்னு தெரியும். உயிரைக் கொல்றது பாவம்னு சொல்லிட்டாரு. நீங்க சொன்னா மட்டும் கேப்பாரு. நீங்க எனக்காகப் பேசுவீங்கன்னு நெனச்சு வந்தேன். நேரா கேக்க வாய் வரல. அதான் சட்டம் என்னன்னு கேட்டேன்.” ஒரு சின்னச் சிரிப்பு வந்தது அவளுக்கு. “நீங்க ஜெயிலுன்னு சொன்னதும், சரி, பேச மாட்டாங்கன்னு புரிஞ்சிருச்சு.”

“சட்டம் அப்படி இல்லைன்னு அப்பவே என் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே!”

“சட்டத்தைப் பத்தி உங்ககிட்ட யாருக்கா பேச முடியும்?”

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என் கையை ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள், அவள் வேறு, இது வேறு என்றாள். அது எனக்கும் தெரியும்.

“இன்னிக்கே தம்பிகிட்ட சொல்லிர்றேன்,” என்றேன். “அவனுக்கும் தெரியணும்.”

அப்போதுதான் அவள் என் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

“வேணாம்க்கா. அவரு இன்னும் சட்டம் விடலன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காரு. தன்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னு நெனைக்கிறாரு. நானும் அவரைப் பாக்கும்போது அப்படியே நெனச்சுக்கறேன். தினம் அந்த மூஞ்சியப் பாத்து நான் சோறு போடணும்க்கா. எனக்கு அது வேணும்.”

நேரமாகிவிட்டது. இறங்கி உள்ளே போனாள். நான்கு மணி நேரம் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் செய்தித்தாள் இருந்தது, ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

மாலை நாலரைக்கு அவளை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். தம்பி வேலை முடிந்து வந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி கையிலிருந்த பையை எழுந்து வாங்கிக்கொண்டான், அவள் செருப்பைக் கழற்றும்வரை தோளைப் பிடித்துக்கொண்டான். நல்லவன்தான் அவன். பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பினான்.

“இங்க பாருங்கக்கா, அமெரிக்காவுல கோர்ட்டு வாசல்ல அடிச்சுக்கறாங்க. கருவைக் கலைக்கலாமா கூடாதான்னு. நல்லவேளை, நம்ம ஊர்ல இந்த வம்பே கெடையாது. சட்டம் விடாது, இல்லக்கா?”

பிள்ளை அவன் மடியிலிருந்து என் கண்ணாடிக்குக் கையை நீட்டினாள். தம்பி மனைவி வாசலிலேயே, கட்டுப் போட்ட கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி நின்றாள்.

“விடாதுப்பா,” என்றேன்.